கொன்றையை அறிந்து நடுதல்

பங்குனி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சாலைகளில் மஞ்சள் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆட்சியர் அலுவலக வளாகம், கல்லூரிச் சாலை, நான்குவழிச் சாலையின் ஓரம் என்று எங்கு பார்த்தாலும் ஏதாவதொரு மரம் மஞ்சளாக நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் கொன்றை என்றே சொல்லிவிடுகிறார்கள். பெருங்கொன்றை, மஞ்சள் கொன்றை, சொர்ணப்பட்டி, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. சங்கப் புலவர்கள் பாடிய கொன்றை, சிவபெருமானுக்குத் தாராகவும் கண்ணியாகவும் ஆன கொன்றை, இவற்றுள் எதுவுமில்லை. அது சரக்கொன்றை. லின்னேயஸ் 1753இல் காசியா ஃபிஸ்டுலா என்று பெயரிட்ட, இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரிய மரம். சங்க இலக்கியச் செடிகொடிகளை ஆராய்ந்த பி.எல். சாமியும் கு. சீநிவாசனும் கொன்றையை இந்த மரமாகவே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

சன்னலோரத்துப் பயணி பெயரை மாற்றிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. நாற்றங்காலிலும் நடவுத் திட்டத்திலும் அதே தவறு நடந்தால் நட்டமுண்டு. கொன்றை என்ற பெயரிலேயே அறியப்படும் ஓர் அயல்மரம் இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வயநாட்டிலும் காட்டுக்குள் புகுந்து வனத்துறையைத் திணறடிக்கிறது. ஆகவே கொன்றையை நட விரும்புகிறவர் முதலில் கொன்றையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூவின் நிறத்தை மறந்துவிடுங்கள். கொத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். ஒரு முழம் நீளம் சாதாரணம், சில மரங்களில் அதற்கு மேலும் உண்டு. கொத்தின் மேற்பகுதியில் மலர்ந்த பூக்கள், கீழே போகப் போக அரும்புகள், நுனியில் பச்சை மொட்டுகள். மற்ற மஞ்சள் மரங்களில் பெரும்பாலானவை கிளை நுனியில் பூவை மேல்நோக்கி நிமிர்த்துகின்றன. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக்கொண்டு போகும் கபிலர், கொன்றைக்குக் கொடுத்த அடையும் தொங்கும் கொத்து என்பதுதான். நிறத்தைச் சொல்ல அவர் மெனக்கெடவில்லை. களத்தில் மரம் பார்த்துப் பழகியவரின் தேர்வு அது.

அடுத்து இலை. சரக்கொன்றையின் இலை ஒற்றைக் காம்பின் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள் அமைந்த கூட்டிலை. இணைகள் குறைவு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு. ஆனால் ஒவ்வொரு சிற்றிலையும் பெரிது. உள்ளங்கை நீளத்துக்குக் குறையாமல், நல்ல அகலத்தோடு, நுனி சற்றே கூராக இருக்கும். மஞ்சள் கொன்றை என்று நம் சாலைகளில் நிற்கும் சென்னா சியாமியாவில் சிற்றிலைகள் சிறியவை, இணைகள் அதிகம், நுனி மழுங்கலாக இருக்கும். சென்னா ஸ்பெக்டாபிலிஸில் எட்டு முதல் பதினைந்து இணை வரை, ஒடுங்கிய கூர்நுனிச் சிற்றிலைகள். பெருங்கொன்றையைப் பிரித்தறிவது இன்னும் எளிது: அதன் கூட்டிலை மறுபடியும் கிளைத்து, வாகை இலையைப்போலப் பொடிப்பொடியாக இருக்கும். அதற்கு இயல்வாகை என்று இன்னொரு பெயர் இருப்பதில் நியாயமுண்டு. சொர்ணப்பட்டிப் பூ ஐந்து இதழாகப் பிரியாமல் புனலாக ஒட்டியிருக்கும்; அதோடு அந்த ஐயம் தீர்ந்தது.

பூவுமில்லை, இலையும் உதிர்ந்துவிட்டது என்றால் நெற்றைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுவே எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம். சரக்கொன்றையின் காய் உருளை வடிவம், ஓர் அடி முதல் இரண்டடி நீளம், கட்டைவிரல் பருமன். பச்சையாகத் தொங்கி, முற்றும்போது கரும்பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். முற்ற ஏறக்குறைய ஓராண்டு எடுத்துக்கொள்வதால் இந்த ஆண்டுப் பூவோடு போன ஆண்டு நெற்றும் ஒரே கிளையில் தொங்குவதைக் காணலாம். சென்னா சியாமியாவின் காய் தட்டை. பெருங்கொன்றையின் காய் தட்டையான செம்புநிறத் தகடு. சென்னா ஸ்பெக்டாபிலிஸின் காய் உருண்டுதான் இருக்கும், ஆனால் ஒல்லியானது, ஓர் அடியைத் தாண்டுவது அரிது.

நெற்றை ஒரு கல்லால் தட்டிப் பிளந்து பார்த்தால் இந்த மரத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும். உள்ளே காசுகளை அடுக்கி வைத்ததுபோல மெல்லிய குறுக்குத் தடுப்புகள். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே ஓர் அறை, அறைக்கு ஒரு விதை. தடுப்புகளின் மேல் கருமையான, பிசுபிசுப்பான சதை படிந்திருக்கும்; இனிப்போடு ஒரு குமட்டல் வாடை. சித்த மருத்துவத்தில் மலமிளக்கியாகப் பயன்படும் கொன்றைப் புளி இதுதான். அளவு தெரியாமல் நாமாகத் தின்று பார்க்கக் கூடாது, வயிற்றுப்போக்கு நிச்சயம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் விழுந்த நெற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

அந்த நெற்று தானாக வெடிப்பதில்லை. காற்றில் ஆடி உதிர்ந்து, தரையில் முழுதாகக் கிடக்கும். உள்ளேயிருக்கும் விதை வெளியேற வேண்டுமானால் யாராவது உடைக்க வேண்டும். காட்டில் அந்த வேலையைக் குரங்கும் நரியும் பன்றியும் கரடியும் செய்கின்றன. சதைக்காக நெற்றை மென்று விதையை வேறோரிடத்தில் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. கரடி எச்சத்தில் கொன்றை விதை கிடப்பது கானகப் பணியாளர்களுக்குப் பழகிய காட்சி. கரடியும் நரியும் இல்லாத ஊர்ப்புறத்தில் கொன்றை தானாகப் பெருகாததற்கு இதுவே முதற்காரணம். ஊருக்குள் இந்த மரம் வேண்டுமென்றால் மனிதர்தான் நட்டாக வேண்டும்.

பூவுக்குள்ளும் பார்க்க வேண்டிய சங்கதி இருக்கிறது. பத்து மகரந்தத் தாள்கள். பத்தும் ஒன்றுபோல் இல்லை. மூன்று நீளமாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு நடுத்தரம். மீதி மூன்று குட்டையாக, பேருக்கு இருக்கும். பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டுக்குக் கூலி மகரந்தம் மட்டும்தான். கரிய தச்சுத் தேனீ, நம் ஊர்களில் கருவண்டு என்பார்கள், நடுத்தரத் தாள்களைக் கால்களால் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென்று உதிரும். அது தன் பங்கைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்ட தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. காலை வெயில் ஏறும் நேரத்தில் பூத்த கொன்றையடியில் நின்றால் வண்டு பறக்கும் ஒலி வேறு, பூவைப் பற்றியிருக்கும்போது எழும் ஒலி வேறு என்பது காதுக்கே பிடிபடும். இரண்டாவது ஒலி சற்று உயர்ந்த சுருதியில் விட்டுவிட்டு வரும்.

இனி ஒரு பழைய வழக்கு. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார். ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது உரைகாரர் கணக்கு. முல்லைப் பாட்டுகளில் கொன்றை பூப்பது கார் வந்ததற்கு அடையாளம். ஆனால் இன்று சரக்கொன்றை மிகுதியாகப் பூப்பது சித்திரையிலிருந்து ஆனி வரை. கேரளத்தில் அது சித்திரை விஷுவின் கணிப்பூ, மாநில மலரும் அதுவே. அப்படியானால் சங்கக் கொன்றை வேறு மரமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

விடையை அந்தப் பாட்டுகளிலேயே தேடலாம். குறுந்தொகை 66ஆம் பாட்டில் தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் வருமுன்னே கொன்றை பூத்துவிடுகிறது. தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது, கொன்றைக்கு அறிவில்லை என்று. ஓதலாந்தையாரின் 21ஆம் பாட்டில் தலைவியே காட்டைப் பார்த்து, இது கார் என்று நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள். இரண்டு பாட்டும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு புனைந்தவை: கொன்றை நாட்காட்டி பார்த்துப் பூப்பதில்லை. கோடைமழை ஒன்று முந்திக்கொண்டால் அதுவும் முந்திக்கொள்ளும். கோடையின் வறட்சியும் அதையடுத்து வரும் ஈரமும் சேர்ந்து அதைப் பூக்கத் தூண்டுகின்றன. முதன்மைப் பூப்பு முடிந்த பிறகும் மழைக்காலத்தில் சில கொத்துகள் விடுவதை இன்றும் பல மரங்களில் பார்க்கலாம். மேற்குமலைச் சாரலில் தென்மேற்குப் பருவமழை ஆனியிலேயே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மழையின் வாசலில் நிற்கும் பூவாகக் கொன்றையைக் கண்டவர்கள் பிழையாகக் காணவில்லை. என் துணிவு இது: அந்தத் தோழியின் சமாதானமே சரக்கொன்றைக்குக் கிடைத்த பழைய களக்குறிப்பு. ஒரு மரத்தின் பூப்பு ஏமாற்றக்கூடியது என்று ஊரே அறிந்திருந்தால்தான் அந்தச் சமாதானம் எடுபடும்.

பக்தி மரபில் கொன்றை சிவனுக்கு உரியதாயிற்று. ஔவையின் நீதிநூல் கொன்றை வேந்தன் என்றே வழங்குகிறது. கொன்றையைத் தலமரமாகக் கொண்ட சிவத்தலங்களும் பல. வெளியிலும் அதற்கு மதிப்புண்டு. தாய்லாந்தின் தேசிய மலர் இதுவே. இத்தனை பெருமையுள்ள மரத்துக்குத் தன் சொந்த நாட்டுச் சாலைகளில் இடம் சுருங்கிப்போனது எப்படி?

அவசரம்தான் காரணம். சமூகக் காடு வளர்ப்பு, சாலையோர நடவு, விறகுத் தோப்பு என்று கடந்த நூற்றாண்டில் வந்த திட்டங்களுக்கு விரைவாக வளரும் மரம் வேண்டியிருந்தது. சரக்கொன்றை மெதுவாக வளர்வது. முதல் சில ஆண்டுகள் வளர்ந்ததே தெரியாது. சென்னா சியாமியா ஓரிரு ஆண்டுகளிலேயே ஆள் உயரம் தாண்டிவிடும். அழகுக்கென்றும் நிழலுக்கென்றும் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அதைவிட வேகம். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மரம் நீலகிரி உயிர்க்கோளப் பகுதிக் காடுகளில் வேர்பிடித்து, விதையை வாரியிறைத்து, நெருக்கமான தோப்பாக எழுந்து, கீழே புல் முளைக்கவிடாமல் செய்துவிட்டது. புல் இல்லையென்றால் மானுக்கும் காட்டெருதுக்கும் யானைக்கும் அங்கே வேலையில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்குவது, பட்டையை உரித்து நின்ற நிலையில் காயவிடுவது என்று பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்குப் பயன்படுத்த டி.என்.பி.எல். காகித நிறுவனத்தை ஈடுபடுத்தியது. வயநாட்டில் இந்த மரத்துக்கு வழங்கும் பெயர் மஞ்ஞக்கொன்ன. நம் செய்தித்தாள்களும் மஞ்சள் கொன்றை என்றே எழுதுகின்றன. அது சென்னா சியாமியாவுக்கு ஏற்கெனவே உள்ள பெயர். கொன்றைகளை வெட்டுகிறார்கள் என்று செய்தி படித்துச் சரக்கொன்றைக்காக வருந்துகிறவர்களும் உண்டு. கொன்றை நடுகிறோம் என்று இந்த மரத்தை நடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டம்தான் ஆபத்து.

இனி வளர்ப்பு. விதைக்காக மாசி, பங்குனியில் நெற்றுப் பொறுக்க வேண்டும். கிளையில் நன்றாகக் கறுத்துத் தொங்குவதையோ அண்மையில் உதிர்ந்ததையோ எடுங்கள். மேல் ஓட்டில் சிறு துளைகள் இருந்தால் விதைவண்டு புகுந்துவிட்டது என்று பொருள். அந்த நெற்றை ஒதுக்குங்கள். உடைத்து, சதையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கழுவினால் பழுப்பு நிறத்தில் பளபளப்பான தட்டை விதைகள் கிடைக்கும். மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு மூழ்குபவற்றை நிழலில் உலர்த்துங்கள்.

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பகுதி முளைக்காது. விதை செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான். தோல் அத்தனை கெட்டி. தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் கரடியின் வயிறு செய்யும் வேலையை நாம் கையால் செய்ய வேண்டும். சில விதைகள் போதும் என்றால் நகவெட்டியால் விளிம்பில் மெல்லியதாக ஒரு கீறல், அல்லது உப்புத்தாளில் ஒரு பக்கம் பளபளப்பு போகும்வரை தேய்த்தல். உள்ளிருக்கும் பருப்பில் காயம் படக்கூடாது. நிறைய விதை என்றால் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, அது ஆறியபின் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் சில நிமிடம் போட்டுக் கழுவுவார்கள். வீட்டில் அது வேண்டாத விபரீதம். எந்த வழியானாலும் சோதனை ஒன்றே: தண்ணீர் குடித்த விதை உப்பிப் பெருத்திருக்கும். உப்பாததை மறுபடி தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். உப்பியதைச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த பையில் விரற்கணு ஆழத்துக்கும் குறைவாக ஊன்றினால் ஓரிரு வாரத்தில் முளை தெரியும்.

பை விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். கொன்றையின் ஆணிவேர் விறுவிறுவென்று கீழே போகும். சிறு பாலித்தீன் பையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தால் அடியில் முட்டிச் சுருளும். சுருண்ட வேரோடு நட்ட கன்று பிழைத்தாலும் பிறகு பெருங்காற்றில் சாய வாய்ப்பு அதிகம். நாற்றங்காலில் உயரமான கன்றைப் பார்த்து மயங்குகிறோம். ஆழமான பையில் உள்ள முழங்கால் உயரக் கன்றே மேல். அங்கேயே சிற்றிலை இணைகளையும் எண்ணிவிடுங்கள். இளங்கன்றில் இணைகள் இன்னும் குறைவாக இருக்கலாம், ஆனால் சிற்றிலை அகலமாகவே இருக்கும். ஒடுங்கிய இலை பத்துப் பன்னிரண்டு இணை இருந்தால், பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் அது சரக்கொன்றை இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வெயிலைப் பாருங்கள். நாள் முழுக்க வெயில் படாத இடத்தில் மரம் இருக்கும், பூ இருக்காது. மண் செம்மண்ணோ சரளையோ கவலையில்லை, வறட்சியைத் தாங்கும். தாங்காதது தேங்கிய நீர். மின்கம்பிக்குக் கீழே வைக்காதீர்கள், முப்பது நாற்பது அடி போகக்கூடிய மரம். கார் நிறுத்த நிழல் வேண்டும் என்பவருக்கும் இது ஏற்றதல்ல. நிழல் மிக வேண்டிய பங்குனி வெயிலில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். அப்படிப்பட்டவர் புங்கை வைக்கலாம்.

இரண்டடிக் குழி போதும். வடகிழக்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசியில் நடுவது நல்லது. மேற்கு மலையடிவாரத்தில் ஆனியிலேயே நடலாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் அடியில் சருகு மூடாக்கும் கட்டாயம். ஆடுமாடு இதை அவ்வளவாக விரும்பிக் கடிப்பதில்லை என்பது சாலையோர நடவுக்குப் பெரிய சாதகம். ஆனாலும் மிதிபடாமல் இருக்க ஒரு கூண்டு வேண்டும். வேர்பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். புல்தரைக்கு நடுவே தினம் நீர் குடிக்கும் கொன்றை இலையாகச் செழித்துப் பூவில் கஞ்சத்தனம் காட்டும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று எழுதுகிறார்கள், அது தவறு. கொன்றையின் வேரில் முடிச்சுகள் உண்டாவதில்லை.

இளந்தளிரில் பச்சைப் புழுக்கள் மேய்வதைக் கண்டு மருந்தடிக்க ஓடாதீர்கள். கட்டோப்சிலியா இனத்து வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட நாடும் மரம் இது. தின்ற தளிரைக் கொன்றை சில வாரங்களில் மீட்டுக்கொள்ளும். கவாத்து செய்வதானால் பூப்பு முடிந்தபின் காய்ந்த கிளைகளை மட்டும் எடுங்கள்.

விதையிலிருந்து வந்த மரம் பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம், சில இடங்களில் கூடுதலாகவும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியதிலிருந்து பள்ளி, கோயில், ஊராட்சி என்று எங்கும் மரக்கன்று வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். கொன்றை என்று கன்று கேட்டு வாங்கும்போது, தாய்மரத்தின் நெற்று ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம்; உங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலோ பழைய பள்ளி வளாகத்திலோ நிற்கும் சரக்கொன்றையடியில் மாசி மாதம் போய் நெற்றுப் பொறுக்கி, நீங்களே விதை போடுங்கள்.